ஸ்பெயினில் பார்க்கும் இந்த ஓக் மரங்கள் காடா, தோப்பா? இப்படி ஆக்கியது வறட்சியா, மனிதர்களா?

தென்னல்வெளி:

வணக்கம். மூன்று மாதமாக வேலைக்காக ஸ்பெயினில் இருக்கிறேன். மேற்கே எக்ஸ்த்ரெமதுரா, காசெரெஸ் ஊருக்குப் பக்கம். மெரிதாவிலிருந்து பஸ் ஏறினால் வழி நெடுக இரண்டு பக்கமும் ஒரே மரம்தான். அடிமரம் குட்டை, தலை குடை மாதிரி அகலம், கரும்பச்சை இலை, ஒரு மரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு மாட்டுவண்டி சேர்ந்து போகிற அளவு இடைவெளி, கீழே புல், புல்லில் கறுப்புப் பன்றிகளும் செம்மறிகளும். மரத்தின் பெயர் என்சினா, அந்த நிலத்தின் பெயர் தெஹேசா என்கிறார்கள். ஓக் இனத்தில் இலை உதிர்க்காத வகையாம். நம் சாலையோரப் புளியமரங்களை எடுத்து மேய்ச்சல் நிலம் முழுக்கப் பரப்பிவைத்தது போல் இருக்கிறது, ஆனால் வரிசை கிடையாது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன், யார் நட்டது என்று. யாரும் நடவில்லை, அவருடைய பாட்டி காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்றார். கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்கிறார், ஒரு காலத்தில் ஸ்பெயின் முழுக்க அடர்காடு, வடக்கே பிரனீஸ் மலையில் ஏறிய அணில் தரையில் கால் வைக்காமலே ஜிப்ரால்டர் வரைக்கும் போயிருக்குமாம், எல்லாம் வெட்டித் தீர்த்தது போக மிச்சம்தான் இது. இன்னொருவர், அதெல்லாம் இல்லை, இது வறண்ட பூமி, இங்கே இவ்வளவுதான் வளரும் என்கிறார். எது சரி?

இன்னொரு சந்தேகமும் உண்டு. இங்கே ஜூலை ஆகஸ்டில் ஒரு துளி மழை இல்லை, 40 டிகிரி வெயில். நம் ஊரில் இப்படிக் காய்ந்தால் தேக்கெல்லாம் மொட்டையாகிவிடும். இது எப்படி இலையை வைத்துக்கொண்டு நிற்கிறது? போன வாரம் ஊருக்கு வெளியே பழைய வெட்டுக்கட்டை ஒன்றைப் பார்த்தேன், அதைச் சுற்றி ஒன்பது தண்டு எழும்பியிருந்தது, எல்லாம் கை தடிமன். அதுவும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாகச் சொன்னாலும் வாசிப்பேன்.


மகரந்தத்தூள்:

முதலில் இலையை எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் மற்றது பாதி புரிந்துவிடும்.

நம் தேக்குக்கு வெயிலும் மழையும் சேர்ந்து வருகிற காலம் ஒன்று இருக்கிறது. அந்த நாலைந்து மாதத்தில் அகலமான மெல்லிய இலையை விட்டு வேண்டியதைச் சம்பாதித்துக்கொண்டு, காய்ச்சல் தொடங்கியதும் உதிர்த்துவிடலாம். மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் அந்த வசதி இல்லை. மழை குளிர்காலத்தில், சூடு கோடையில். ஈரமும் சூடும் ஒன்றாகக் கிடைப்பது வசந்தத்தில் சில வாரம், கோடை முடிந்து சில வாரம், நடுவே குளிர்காலத்தில் நல்ல வெயில் அடிக்கிற பகல்கள். இப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கும்போது இலை தயாராக மரத்திலேயே இருந்தால்தான் பயன்படுத்த முடியும். அதனால் என்சினா சின்ன இலையாக, தோல் மாதிரித் தடிப்பாகச் செய்து, இரண்டு மூன்று வருடம் வைத்துக்கொள்கிறது. ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையில் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும். மூச்சுத்துளைகள் அந்த ரோமத்துக்கு அடியில்தான் இருக்கின்றன. கோடை நடுப்பகலில் அவற்றை ஏறக்குறைய மூடிவிட்டுச் சும்மா நிற்கும்.

நம்மிடமும் இதற்குத் தூரத்துச் சாயல் உண்டு. சோழமண்டலக் கடற்கரைக் கோயில் காடுகளில் வீரை, பாலை, காசா மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சின்னத் தடித்த இலை, வருடம் முழுக்கப் பச்சை. அங்கேயும் பெருமழை வருவது ஐப்பசி கார்த்திகையில், கோடையில் இல்லை. ஓக் மட்டும் தென்னிந்தியாவில் இயற்கையாகக் கிடையாது.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. அந்த அணில் கதையை ஸ்பெயினில் எல்லோரும் ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்கப் புவியியலாளர் தலையில் கட்டுவார்கள். அவர் எழுதியதில் அப்படி ஒரு வரி இல்லை. மலைவாசிகள் ஆண்டின் பெரும்பகுதி ஓக் கொட்டையைக் காயவைத்து இடித்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள் என்று எழுதியிருக்கிறார், அது இருக்கிறது.

தெற்கு பிரான்சில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஏரிச் சேற்றிலிருந்து மகரந்தம் எண்ணுவதுதான் என் வேலை. ஏரியின் அடியில் குழாயை இறக்கிச் சேற்றை நீளமாக உருவி எடுப்பார்கள். மேலே இருப்பது நேற்றைய சேறு, கீழே போகப் போகப் பழையது. ஒவ்வொரு துண்டையும் அமிலத்தில் கழுவினால் மண்ணும் மட்கும் கரைந்துபோய் மகரந்தத்தின் ஓடு மட்டும் நிற்கும். ஓக் மகரந்தம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. மூன்று பள்ளம் இருக்கும், மேல்தோல் சொரசொரப்பு. இலையுதிர் ஓக்கையும் பசுமைமாறா ஓக்கையும் அந்தச் சொரசொரப்பை வைத்துப் பிரிக்கலாம், கண் பழக மாதக்கணக்கில் ஆகும். ஒரு கண்ணாடித் துண்டில் முந்நூறு நானூறு எண்ணி முடித்தால்தான் அந்த நூற்றாண்டின் காடு ஓரளவு கண்ணுக்குத் தெரியும்.

அதில் தெரிந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், ஸ்பெயினின் பெரும்பகுதி குளிர்ந்த வறண்ட புல்வெளி, மாசிப்பத்திரி இனச் செடிகளின் மகரந்தம்தான் அள்ளி அள்ளி வரும். ஓக்குகள் தெற்கு ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் குளிர் உறைக்காத பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிக் கிடந்தன. ஆக, அந்தக் காலத்தில் அணில் தாவ மரமே இல்லை. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் பூமி சூடாகி ஈரமும் வந்த பிறகு காடு பரவியது, ஆனால் தெற்கு பிரான்ஸ் போன்ற இடங்களில் முதலில் பரவியது இலையுதிர் ஓக். என்சினாவின் கை ஓங்கியது பிறகுதான், பெரும்பாலும் கடந்த 6,000 ஆண்டுகளுக்குள்.

ஏன் என்பதில்தான் பல பத்தாண்டுகளாகச் சண்டை. ஒரு பக்கம், பூமியின் சுற்றில் வரும் மெதுவான மாற்றத்தால் கோடை வறட்சி கூடியது, அதே காலத்தில்தான் சஹாராவும் காய்ந்தது, ஆகவே காலநிலை என்கிறார்கள். மறுபக்கம், 7,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆடும் கோதுமையும் கோடாரியுமாக விவசாயிகள் வந்துவிட்டார்கள், நல்ல ஆழமான மண்ணில் நின்ற இலையுதிர் ஓக்கை வெட்டி எரித்து வயலாக்கினார்கள், அந்த இடத்தை என்சினா பிடித்துக்கொண்டது என்கிறார்கள். என் அனுபவத்தில் இடத்துக்கு இடம் பதில் மாறும். சில சேற்றில் என்சினா ஏறுகிற அதே அடுக்கில் கரித்துகள், தானிய மகரந்தம், மேய்ச்சல் நிலத்துக் களைகளின் மகரந்தம் எல்லாம் ஒன்றாக ஏறும். அங்கே சந்தேகமே வேண்டாம், மனிதர்தான். வேறு சில இடங்களில் மனிதச் சுவடு ஒன்றும் இல்லாமலே ஏறும். வறட்சி மட்டும் வந்திருந்தால் காடு இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு முழுமையாகவும் மாறியிருக்காது என்பது என் தீர்மானம். இதை ஏற்காத நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.


கரிமூட்டம்:

அந்த ஒன்பது தண்டுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, முதுகுளத்தூர் பக்கம், அப்பா சீமைக் கருவேலத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுத்தவர்.

கருவேலத்தை அடியோடு வெட்டினால் என்ன ஆகும்? அடுத்த மழைக்குக் கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர் கிளம்பும். கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான், வேர் பழையது, தண்டு புதியது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் விதையில் முளைத்த கன்றை விட மறுதாம்பு பல மடங்கு வேகமாக ஏறும். அப்பா நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அதே கட்டைக்குத் திரும்பிப் போவார்.

வேலை விஷயமாக பிரான்சில் மோன்பெல்லியே பக்கம் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு ஞாயிறு மலைக்காட்டில் நடக்கப் போனபோது தரையில் வட்டமாக, சமமாக ஒரு மேடை. ஏழெட்டு அடி தள்ளி வேறு மண், அந்த வட்டத்துக்குள் மட்டும் கறுப்பு மண். குனிந்து கையில் எடுத்தேன், பொடிக்கரி, விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது, இது மூட்டம் போட்ட இடம். எங்கள் ஊரில் எப்படி விறகை நெருக்கி அடுக்கி, தழை போட்டு, மண் பூசி, காற்று புகாமல் நாள்கணக்கில் புகையவிடுவோமோ அதே முறை. சரிவான மலை என்பதால் அவர்கள் மண்ணை வெட்டி மேடை கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் காட்டில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். சுற்றி நின்ற மரம் எல்லாம் இதே பசுமைமாறா ஓக், ஒரே மூட்டிலிருந்து ஆறு, எட்டு, பத்துத் தண்டு.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே நூற்றாண்டுக்கணக்கில் இருபது இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டைச் சுற்று முறையில் வெட்டியிருக்கிறார்கள். விறகு, கரி, கண்ணாடி உலைக்கு எரிபொருள், பட்டையில் தோல் பதனிடும் சாயம். பக்கத்தில் பியூஷாபோன் என்று ஒரு அரசுக் காடு உண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் கூடாரம் அடித்திருக்கும் இடம், அதைக் கடைசியாக முழுக்க வெட்டியது 1942இல். போர்க்காலம், பெட்ரோல் இல்லாமல் வண்டிகளே கரிவாயுவில் ஓடிய நாட்கள். அதற்குப் பிறகு எரிவாயுவும் எண்ணெயும் வந்து கரிக்காரர்கள் தொழிலை விட்டார்கள். இன்றைக்கு அங்கே ஒரு ஹெக்டேருக்கு 4,000க்கு மேல் தண்டுகள் நிற்கின்றன, உயரமோ ஐந்தாறு மீட்டர்தான். பார்ப்பவர்கள் ஆதிகாடு என்று நினைப்பார்கள். அத்தனையும் மறுதாம்பு.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. மரம் மறுபடி தழைக்கக் கற்றுக்கொண்டது கோடாரிக்காக இல்லை, தீக்கும் வறட்சிக்கும். வெட்டினால் திரும்பி வராத மரங்கள் எல்லாம் அந்தச் சுற்றில் ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும், வந்த மரம் மட்டும் மிஞ்சியிருக்கும். மகரந்தத்தூள் அக்கா, இது சரியா?


மகரந்தத்தூள்:

சரிதான் தம்பி. அந்தக் கரிமேடைகளைத் தோண்டி, கரித்துண்டை உடைத்து, உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்து எந்த மரம் என்று சொல்வது தனி ஆய்வுத்துறையாகவே நடக்கிறது. ஓக் தழைக்கும் பழக்கம் மனிதர்களை விட எவ்வளவோ பழையது. மத்தியதரைக்கடல் பகுதிக்குக் கோடை வறட்சி என்ற வழக்கம் வந்தே சுமார் 30 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன, என்சினாவின் முன்னோர்கள் அதற்கும் முந்தியவர்கள். மனிதன் வந்து அந்தக் குணத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டான்.


தக்கைக்காடு:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், போர்த்துகலில் அலென்தேஜு பகுதியில் ஒரு பண்ணையில் ஏழு வருடமாக இருக்கிறேன். தென்னல்வெளி, உங்கள் வீட்டுக்கார அம்மா சொன்னது பொய் இல்லை. தெஹேசாவை யாரும் தோப்பு மாதிரிக் குழி வெட்டி நட்டதில்லை. அடர்ந்த காட்டைக் கழித்துக் கழித்து உண்டாக்கியது. புதரை வெட்டி, தீ வைத்து, நல்ல கொட்டை தரும் மரத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் தலையைக் கவாத்து செய்து அகலப்படுத்தி, கீழே மாடும் ஆடும் பன்றியும் விட்டு, நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை உழுது தானியம் போட்டு. ஒரு ஹெக்டேருக்குப் பெரும்பாலும் 20 முதல் 60 மரம். கரிமூட்டம் சொன்ன காட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே ஓக் இனம், அங்கே 4,000 தண்டு, இங்கே 40 மரம். மழையளவை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்கவே முடியாது. அங்கே விறகு வேண்டியிருந்தது, இங்கே கொட்டையும் புல்லும் நிழலும் வேண்டியிருந்தது.

தெஹேசா என்ற சொல்லே தற்காத்தது, வேலி போட்டது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எதற்கு வேலி? செம்மறி மந்தைகள் வராமல் இருக்க. 1273இல் அல்போன்சோ பத்தாம் அரசர் மெஸ்தா என்ற ஆட்டு உரிமையாளர் சங்கத்துக்கு உரிமை கொடுத்தார், 1836 வரை அது இருந்தது. கோடையில் வடக்கே லெயோன் மலை, குளிர்காலத்தில் நீங்கள் இருக்கிற எக்ஸ்த்ரெமதுரா என்று லட்சக்கணக்கான மெரினோ ஆடுகள் நடந்தன. அவற்றின் பெரும்பாதைக்கு அகலம் 90 வாரா, கிட்டத்தட்ட 75 மீட்டர். அவ்வளவு வாய்கள் ஐந்நூறு வருடத்துக்கு மேல் மேய்ந்த நிலத்தில் எந்தக் கன்று தப்பியது, எது தப்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இன்றைய காட்டைப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் அதிகம் இருப்பது தக்கை ஓக். இங்கே சோப்ரெய்ரு என்பார்கள். பட்டை உரிப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த மரத்தின் மேல் தனிப் பாசம் வந்துவிடும். மே முடிவிலிருந்து ஆகஸ்ட் வரைதான் உரிக்கலாம், அப்போதுதான் பட்டைக்கும் உள்தோலுக்கும் நடுவே ஈரம் ஓடும். கோடாரியால் நெடுக ஒரு கீறல், பிறகு கோடாரியைத் திருப்பி நெம்புவார்கள். நல்ல கைக்காரர் வெட்டும்போது சத்தத்தைக் கேட்டே ஆழம் தெரிந்துகொள்வார், உள்தோலில் பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பிறகு நல்ல தக்கை வராது. ஆள் உயரப் பலகையாகப் பட்டை கழன்று வரும்போது கிழிகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உரித்த அன்று அடிமரம் வெளிர் மஞ்சளாக இருக்கும், தொட்டால் குளிர்ச்சி. நாள் போகப் போகக் காவியாகி, செங்கல் நிறமாகி, கடைசியில் கருஞ்சிவப்பு. உரித்ததும் வருடத்தின் கடைசி இலக்கத்தை வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிடுவார்கள். 2019இல் உரித்த மரத்தில் 9 இருக்கும், 2028 வரை யாரும் தொடக்கூடாது. ஒன்பது வருடம் என்பது இங்கே சட்டம்.

ஒரு மரம் முதல் உரிப்புக்கு வர சுமார் 25 வருடம். முதல் பட்டையும் இரண்டாவது பட்டையும் பாட்டில் மூடிக்கு ஆகாது. மூன்றாவது உரிப்பில்தான் நல்ல தக்கை, அதற்குள் மரத்துக்கு நாற்பது வயது தாண்டிவிடும். இங்கே ஒருவர் தக்கை ஓக் வளர்க்கிறார் என்றால் பேரப்பிள்ளைக்காக வளர்க்கிறார். அகுவாஸ் தெ மோரா என்ற ஊரில் 1783இல் நட்ட ஒரு தக்கை ஓக் இன்னும் நிற்கிறது. போய்ப் பார்த்தேன், அடியில் நின்றால் பறவைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது.

இந்தப் பட்டை மரத்துக்கு எதற்கு? தீக்கு. மேலே எல்லாம் கருகினாலும் பட்டைக்குள்ளே மொட்டு உயிரோடு இருந்து கிளையெங்கும் துளிர்விடும். ஆனால் புதிதாக உரித்த மரம் தீயில் மாட்டினால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் காலநிலையா மனிதரா என்று பிரித்துக் கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. தீயைத் தாங்கப் பட்டை வந்தது, பட்டைக்காக மனிதன் மரத்தைக் காப்பாற்றினான், உரித்ததால் தீக்கு முன் அது பலவீனமானது.

மனிதர் செய்த கேடும் சின்னது இல்லை. ஸ்பெயினில் 1836இலும் 1855இலும் தேவாலய நிலங்களையும் ஊர்ப் பொதுநிலங்களையும் ஏலம் விட்ட சட்டங்களுக்குப் பிறகு ஏராளமான காடு வயலானது. போர்த்துகலில் 1929இல் கோதுமை இயக்கம் என்று அரசே தூண்டி, ஆழமில்லாத மண்ணில் எல்லாம் ஏர் ஓட்ட வைத்தது. மண் அரித்துப் பாறை தெரிந்த மேடுகள் எங்கள் பண்ணைக்குப் பின்னாலேயே இருக்கின்றன. 1960களில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பன்றி வளர்ப்பு படுத்தது, கொட்டைக்கு விலை போனதும் மரத்தையே வெட்டி விற்றார்கள்.


தென்னல்வெளி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்படியென்றால் மனிதர்கள் இதை விட்டு விலகிக்கொண்டால் பழைய காடு திரும்பி வந்துவிடுமா? அதுதானே நல்லது?


பாஞ்சாணி:

நான் வேறு ஓக் நாட்டிலிருந்து எழுதுகிறேன், உத்தராகண்டில் அல்மோரா மாவட்டம், பத்து வருடமாக இங்கே கிராம வேலை. இங்கேயும் பசுமைமாறா ஓக் உண்டு, பாஞ்ஜ் என்பார்கள், இலையின் அடிப்பக்கம் அதே வெள்ளை. ஆனால் இங்கே மழை கோடையில், ஜூலை ஆகஸ்டில் கொட்டும். அதனால் ஸ்பெயின் கணக்கு அப்படியே பொருந்தாது. மனிதர் கதை மட்டும் நன்றாகப் பொருந்துகிறது.

இங்குள்ள பெண்கள் விடியுமுன் அரிவாளோடு பாஞ்ஜ் மரத்தில் ஏறித் தழை வெட்டுவார்கள். மாட்டுக்குத் தீவனம், தொழுவத்தில் படுக்கை, பிறகு அதுவே எரு. வெள்ளைக்காரர் காலத்தில் வனத்துறைக்கு ரயில் கட்டையும் பிசினும் வேண்டியிருந்தது, அதற்குச் சீர் என்று இங்கே சொல்லும் பைன் மரம்தான் உதவும். 1911லிருந்து சில ஆண்டுகளில் அல்மோராவும் சேர்ந்த குமாவோன் பகுதியின் காடுகளைப் பெருமளவு அரசு தனதாக்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் பொறுக்காமல் 1921இல் காட்டுக்கே தீ வைத்தார்கள், கடைசியில் 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. பைனின் ஊசியிலை காய்ந்து கிடந்தால் ஒரு தீக்குச்சி போதும். பெரிய பைன் தீயைத் தாங்கும், பாஞ்ஜ் கன்று கருகிவிடும். அப்படித்தான் பல சரிவுகளில் பைன் மேலேறி வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஆட்கள் வேலை தேடிக் கீழே இறங்கிக் காலியான ஊர்கள் நிறைய. அங்கே மொட்டைத் தழை வெட்டு நின்றது, பாஞ்ஜ் கொஞ்சம் மூச்சுவிட்டது, அது உண்மை. ஆனால் பஞ்சாயத்து உயிரோடு இருந்து, முறை வைத்துத் தழை வெட்டி, காவல் போட்டு, தீ வந்தால் ஓடிப்போய் அணைக்கிற ஊரின் காடுதான் நான் பார்த்ததில் நன்றாக இருக்கிறது. யாருமே இல்லாத ஊரின் காட்டில் தீ வந்தால் அணைக்க ஆள் இல்லை.


தக்கைக்காடு:

பாஞ்சாணி சொன்னதை இங்கேயும் பார்க்கிறேன். கைவிட்ட நிலத்தில் புதர் ஏறும், மரம் நெருங்கும், பல இடத்தில் காடு தானாக மீள்கிறது. ஆனால் நெருக்கம் கூடக் கூட எரிய வேண்டியதும் கூடுகிறது. 2017இல் போர்த்துகலில் எரிந்ததைப் பார்த்தவர்கள் விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டார்கள். அன்று எரிந்ததில் பெரும்பங்கு பைனும் யூகலிப்டஸும்தான் என்றாலும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தெஹேசாவில் நடக்கும்போது கீழே பாருங்கள். நூறு வயது, இருநூறு வயது மரங்கள் நிற்கும், முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இருக்காது. கொட்டையைப் பன்றி தின்கிறது, முளைத்ததை ஆடு கடிக்கிறது, தப்பியது முதல் கோடையில் காய்கிறது. மேலே பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளையில்லாத காடு. அதோடு 1980களிலிருந்து சேக்கா என்கிற நோய் வேறு, வேர்களை அழுக வைக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி, பூஞ்சை மாதிரியானது, வெளிநாட்டிலிருந்து வந்தது. வேரில் பாதி போன மரத்துக்கு ஒரு கடும் கோடை வந்தால் ஒரே மாதத்தில் இலை பழுப்பாகி நின்றபடியே செத்துவிடும். எங்கள் பண்ணையில் நான் வந்த பிறகு பதினொரு மரம் அப்படிப் போனது, ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.


மகரந்தத்தூள்:

பழைய காடு என்று எதைச் சொல்கிறீர்கள் தென்னல்வெளி? 21,000 ஆண்டுக்கு முந்திய புல்வெளியா, 9,000 ஆண்டுக்கு முந்திய இலையுதிர் ஓக்கா? இனி வருகிற கோடைகள் அந்த இரண்டு காலத்திலும் இருந்த கோடைகள் இல்லை.

கரிமூட்டம் சொன்ன பியூஷாபோனில் 2003 முதல் ஒரு சோதனை நடக்கிறது. மரங்களுக்கு அடியில் தகரக் கூரையின் ஓடைக்கால் மாதிரி நீளநீளமாகப் பிளாஸ்டிக் வாய்க்கால் கட்டி, விழும் மழையில் கால்வாசிக்குச் சற்று மேல் வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். மரங்கள் உடனே சாகவில்லை, இலையைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தன, கொட்டை காய்ப்பது குறைந்தது. ஸ்பெயினின் வடகிழக்கே கத்தலோனியாவில் பிராதெஸ் மலையில் 1999இல் தொடங்கிய இதே போன்ற சோதனையில் என்சினா திணறியது, கூடவே வளர்ந்த ஃபிலிரியா என்ற பெரும்புதர் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. அங்கே காடு உயரம் குறைந்து புதர்க்காடாக மாறப் பார்க்கிறது. பல தண்டுகளைக் கழித்து ஒன்றிரண்டை விட்டால் மிஞ்சியதற்குத் தண்ணீர் பங்கு கூடும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள், உதவுகிறது. பழைய கரிக்காரர் கோடாரிக்கு இப்போது வேறு வேலை வந்திருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். மொரோக்கோவில் தாஃபொரால்த் என்ற குகையில் சுமார் 15,000 ஆண்டுக்கு முந்திய மனிதர்களின் பற்களில் பாதி சொத்தை. இனிப்பான ஓக் கொட்டையைச் சேமித்துவைத்து வருடம் முழுக்கத் தின்றிருக்கிறார்கள். விவசாயம் வருவதற்கு எவ்வளவோ முன்பே இந்த மரத்தோடு நமக்கு இவ்வளவு நெருக்கம்.


தென்னல்வெளி:

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். தக்கைக்காடு சொன்னபடி கீழேயே பார்த்து நடந்தேன். இரண்டு மணி நேரத்தில் திறந்த புல்லில் ஒரு கன்றுகூட இல்லை, ஒன்றுகூட. மரங்களின் தலை அடிப்பக்கம் எல்லாம் கத்தரித்தது போல் ஒரே மட்டம், மாடு எட்டுகிற உயரம்வரை. தாழ்ந்த கிளையின் இலையைத் தொட்டேன், ஓரமெல்லாம் முள். உச்சிக் கிளை ஒன்று காற்றில் ஒடிந்து கிடந்தது, அதன் இலையில் முள்ளே இல்லை, மழமழவென்று இருந்தது. ஒரே மரத்தில் இரண்டு விதம்!

அப்புறம் ஒரு வேலியோரம் ரெத்தாமா என்று சொல்லும் துடைப்பம் மாதிரிப் புதர். விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஒரு என்சினாக் கன்று, என் சாண் அளவு, ஆறு இலை. இரண்டடி தள்ளி இன்னொரு புதருக்குள் இன்னொன்று. பக்கத்தில் பெரிய மரமே இல்லை, கொட்டை எப்படி அங்கே வந்தது?


மகரந்தத்தூள்:

ஜே பறவை. காக்கைக் குடும்பம், சிறகில் நீலக்கோடு இருக்கும். இலையுதிர்காலத்தில் கொட்டையைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு தூரமாகப் பறந்துபோய் ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்துவைக்கும், சிலதைத் திரும்ப எடுக்காமல் விட்டுவிடும். அந்தப் புதர் கன்றுக்கு நிழலும் கொடுக்கும், ஆட்டு வாயையும் தடுக்கும். நிலத்துக்காரரைத் தெரிந்தால் அந்த இரண்டு புதரை மட்டும் இந்த வருடம் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.


தென்னல்வெளி:

சொல்லிவிட்டேன் அக்கா. வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் நிலம்தான் அது. அவர் கூடவே வந்து பார்த்தார், குனிந்து இலையைத் தடவிவிட்டு, நாளைக்குக் கம்பிவலை கொண்டுவருகிறேன் என்றார்.